களைத்த நோயாளியும் களைத்த தாதியும்

நோயாளி "நோகுது" என்றால் மருந்து எழுதப்படுகிறது. "காய்ச்சல்" என்றால் உடல்வெப்பம் பார்க்கப்படுகிறது. "ஏலாமல் கிடக்கு" என்றாலோ, "ஓய்வெடுங்கள், சரிவரும்" என்ற மறுமொழியோடு காரியம் முடிந்துவிடுகிறது. புற்றுநோயாளரைப் பொறுத்தவரை இம் மறுமொழி பிழையானது என்பதைத் தாதியரே ஆராய்ந்து நிலைநாட்டி 25 ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன. இருந்தும், நோயாளியின் களைப்பையோ, அவரைப் பராமரிக்கும் தாதியின் களைப்பையோ நம் நாட்டுச் சட்டம் ஒரு பொருட்டாகக் கொள்ளவில்லை. இவ்விரு களைப்புகளும் ஒன்றோடொன்று பிணைந்தவை. இரண்டாவதைத் தீர்க்காமல் முதலாவதைத் தீர்க்க இயலாது. தீர்க்கும் பொறுப்பைத் தனிப்பட்டவர்களின் கருணையிடம் விட்டுவிடலாகாது. அது நாட்டின் சட்டத்துக்குரிய பொறுப்பு என்பதே நமது துணிபு.

தாதியர் கண்ட உண்மை

வயலில் உழைத்தவன் களைத்தால் இரவுத் தூக்கத்தோடு அக் களைப்பு நீங்கும். புற்றுநோயும் அதற்கான சிகிச்சையும் தரும் களைப்போ அத்தகையதன்று. செய்த வேலைக்கும் அதற்கும் தொடர்பில்லை. தூங்கி எழுந்தாலும் தீர்வதில்லை. உடலை மட்டுமன்றி மனத்தையும் நினைவையும் அது வாட்டுகிறது. இதை வெறும் மனப்பிரமை என்றும், சோம்பல் என்றும் தள்ளிவிட்ட காலம் ஒன்றிருந்தது. அந்த அறியாமையை உடைத்தவர்களுள் முதன்மையானவர்கள் தாதியர்.

அமெரிக்கத் தாதி ஆய்வாளர் பார்பரா பைப்பர் களைப்பை அளப்பதற்கென ஓர் அளவுகோலை ஆக்கினார். 1998ஆம் ஆண்டு திருத்தி வெளியிடப்பட்ட அவ்வளவுகோல், 22 வினாக்கள் மூலம் நோயாளியின் களைப்பைப் பூச்சியம் முதல் பத்து வரை இலக்கமிட்டுக் காட்டியது. விக்டோரியா மொக் என்னும் மற்றொரு தாதி ஆய்வாளர், மார்பகப் புற்றுநோய்க்குக் கதிர்ச் சிகிச்சை பெற்ற பெண்களை வீட்டிலிருந்தபடியே ஒழுங்காக நடக்கச் செய்தார். நடந்தவர்களின் களைப்பு நடவாதவர்களின் களைப்பிலும் குறைந்திருந்ததென 1997ஆம் ஆண்டு அவரது ஆய்வு காட்டியது. ஓய்வெடு என்று உலகம் சொல்லிக்கொண்டிருந்தபோது, அளவோடு நட என்று தாதியொருவர் சான்றோடு சொன்னார். 2017ஆம் ஆண்டு 113 ஆய்வுகளை ஒருங்கே வைத்துப் பார்த்த அறிஞர்களும், களைப்பைக் குறைப்பதில் மருந்தைவிட உடற்பயிற்சியும் மனத்துக்கான ஆற்றுப்படுத்தலுமே மேம்பட்டவை என்ற முடிபுக்கு வந்தனர்.

ஆக, இக் களைப்பு அளக்கப்படக்கூடியது. குருதிச்சோகை, நோவு, தூக்கமின்மை, உணவுக் குறைவு, மனக்கவலை என அதற்குத் துணைபோகும் காரணங்கள் பலவற்றைத் தீர்க்கவும் கூடும். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. களைப்பை எந்த யந்திரமும் அளப்பதில்லை. நோயாளியின் வாய்ச்சொல்லே அதற்கு ஒரே சான்று. எவராவது அவர் அருகிலிருந்து கேட்க வேண்டும். கேட்க வேண்டியவர் யார்? தாதியே.

கேட்பதற்கு நேரமெங்கே?

இங்கேதான் தாதியரின் வாழ்வைப் பற்றிய ஆராய்ச்சி முன்னைய ஆராய்ச்சியோடு வந்து சேர்கிறது. 2014ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வில், இங்கிலாந்தின் 46 வைத்தியசாலைகளைச் சேர்ந்த 2,917 தாதியரிடம், நேரமின்மையாற் செய்யாமல் விட்ட பணிகள் எவையென வினவப்பட்டது. கடைசியாகச் செய்த முறையில் ஒன்றையேனும் விடவேண்டி வந்ததென்றோர் நூற்றுக்கு 86 பேர். ஆகக் கூடுதலாக விடப்பட்ட பணி, நோயாளியோடு பேசுதலும் அவரைத் தேற்றுதலும். நூற்றுக்கு 66 பேர் அதைக் குறிப்பிட்டனர். நோயாளிக்கு விளக்கஞ் சொல்லுதல் அதற்கடுத்த இடத்தில் நின்றது. இதற்கு முன்னரே, 2006ஆம் ஆண்டு, அமெரிக்காவில் பியற்றிஸ் கலிஷ் என்பார் தாதியராற் கைவிடப்படும் பணிகளைப் பட்டியலிட்டபோது, நோயாளியை எழுப்பி நடக்கச் செய்தல் அவற்றுள் ஒன்றாயிருந்தது.

இதன் பொருளை எண்ணிப் பாருங்கள். பேசினாற்றான் களைப்புத் தெரியவரும். நடந்தாற்றான் களைப்புக் குறையும். தாதியர் தொகை போதாதபோது முதலிற் கைவிடப்படுவன இவ்விரண்டுமே! ஊசி போடப்படுகிறது, மருந்து கொடுக்கப்படுகிறது, ஏடு நிரப்பப்படுகிறது. நோயாளி மட்டும் கேட்பாரற்றுக் கிடக்கிறார். இது தாதியின் கல்மனமன்று, எண்ணிக்கையின் கொடுமை.

எண்ணிக்கை என்ன செய்யும் என்பதற்கு 2002ஆம் ஆண்டு லிண்டா ஏய்க்கன் குழுவினர் செய்த ஆய்வு சான்று. பென்சில்வேனியாவின் 168 வைத்தியசாலைகளில், ஒரு தாதியின் பொறுப்பில் மேலும் ஒரு நோயாளி சேருந்தோறும், சத்திரசிகிச்சை பெற்றோர் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 7 வீதமும், தாதி மனஞ் சோர்ந்து நலியும் வாய்ப்பு நூற்றுக்கு 23 வீதமும் கூடின. 2004ஆம் ஆண்டு வெளிவந்த வேறோர் அமெரிக்க ஆய்வு, பன்னிரண்டரை மணித்தியாலமோ அதற்கு மேலோ தொடர்ந்து வேலை செய்யும் தாதியர் தவறிழைக்கும் வாய்ப்பு மும்மடங்காகிறது என்றது.

நம் நாட்டு நிலை யாது? மேலதிக நேர வேலையின்றி அடிப்படைச் சம்பளத்தைக் கொண்டு மட்டும் குடும்பம் நடத்தும் தாதியர் எத்தனை பேர்? 2022ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சிக்குப் பின்னர் கடல் கடந்து சென்றோர் விட்ட இடங்களை எஞ்சியோரே சுமக்கின்றனர். 2025ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், மேலதிக நேர, விடுமுறைநாட் கொடுப்பனவுகளில் வந்த மாற்றத்தை எதிர்த்துச் சுகாதாரத் தொழிற்சங்கங்கள் போராட்டத்தில் இறங்கின. அப்போது "நோயாளரைப் பணயம் வைக்கின்றனர்" என்று குறைகூறினோர் பலர். ஓய்வை விற்று உணவு வாங்கும்படி தாதியரை வைத்திருப்பதே நோயாளரைப் பணயம் வைப்பதென்பதை அவர்கள் எண்ணிப் பார்த்தாரில்லை.

தமிழ் நோயாளிக்கு இரட்டைச் சுமை

தமிழ் பேசும் நோயாளருக்கோ இன்னுமொரு தடை. யாழ்ப்பாணத்து மூதாட்டி "ஏலாது" என்பார். மலையகத் தொழிலாளி "அசதியா இருக்கு, கைகால் ஓய்ஞ்சு போச்சு" என்பார். "அலுப்பு" என்பது ஒருவருக்கு உடலின் சோர்வு. மற்றொருவருக்கு மனத்தின் வெறுப்பு. இவ்வேறுபாடுகளை அறியாதவர் கேட்டால், விடை தலையசைப்போடு நின்றுவிடும். நோவுள்ள இடத்தை விரலாற் சுட்டிக் காட்டலாம். களைப்பை எதனாற் சுட்டுவது?

தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்ததற்கு, 2011ஆம் ஆண்டு தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நிதி திரட்டி நடந்த மக்கள் காரணமானார்கள். தென்னிலங்கையரும் வடபுலத்தாரும் சேர்ந்து செய்த அந் நற்பணியை நன்றியோடு நினைக்கிறோம். ஆயினும் மகரகமைக்கும் கண்டிக்கும் சிகிச்சை தேடிச் செல்லும் தமிழர் இன்றும் உளர். அங்கே அவர்களோடு அவர்கள் மொழியிற் பேசுவார் எத்தனை பேர்?

1956ஆம் ஆண்டின் தனிச் சிங்களச் சட்டம் செய்த தீங்கை நாம் அறிவோம். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் தமிழும் அரசகரும மொழி என்றது. 1988ஆம் ஆண்டின் 16ஆவது திருத்தத்தோடு, சிங்களத்தில் நிருவாகம் நடக்கும் இடத்திலும் அரச உத்தியோகத்தரோடு தமிழிற் பேசவும் தமிழில் மறுமொழி பெறவும் அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை உரிமை தந்தது. அவ்வுரிமை கச்சேரி வாசலோடு நின்றுவிட வேண்டுமா? நோய்ப்படுக்கைக்கு அது வரலாகாதா?

சட்டம் செய்ய வேண்டியது

கடையிலும் கந்தோரிலும் வேலை செய்வோருக்கு 1954ஆம் ஆண்டின் சட்டம் நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம் என்று வரம்பிட்டது. மேலதிக வேலையும் வாரத்துக்கு 12 மணித்தியாலத்துக்கு மேற்படலாகாது என்றது. துணிக்கடையில் நிற்பவரின் கால்கள் களைக்கும் என்பதை 1954இலேயே கண்ட சட்டம், உயிரைக் கையிலேந்தி நிற்கும் தாதியின் பொறுப்பில் எத்தனை நோயாளர் இருக்கலாம் என்பதற்கு இன்றுவரை வரம்பு வகுக்கவில்லை. பதின்மூன்றாவது மணித்தியாலத்தில் மருந்து மாறிப்போனால் விசாரணை அத் தாதியின் கவனயீனத்தை ஆராயும். அவ்விரவில் அவரிடம் எத்தனை நோயாளரை ஒப்படைத்தார்கள் என்பதை ஆராயுமா?

பிற நாடுகள் இதைச் சட்டத்தாற் செய்துள்ளன. கலிபோர்ணியா 1999இல் சட்டமியற்றி 2004 முதல் நடைமுறைப்படுத்தியது. வேல்ஸ் 2016இல் சட்டமியற்றியது. அதே ஆண்டில் அவுஸ்திரேலியாவின் குயீன்ஸ்லாந்து, பகலில் 4 நோயாளருக்கு ஒரு தாதி, இரவில் 7 நோயாளருக்கு ஒரு தாதி என்று விதித்தது. "பணமெங்கே?" என்று திறைசேரி கேட்கும். குயீன்ஸ்லாந்தில் விதி வந்த 27 வைத்தியசாலைகளை விதி வராத 28 வைத்தியசாலைகளோடு ஒப்பிட்டு 2021இல் வெளிவந்த ஆய்வு விடை தருகிறது. இறப்புக் குறைந்தது; மீண்டும் அனுமதிக்கப்படுவோர் தொகை குறைந்தது; படுக்கையிற் கழிந்த நாட்கள் குறைந்தன. இவற்றால் மிஞ்சிய பணம், கூடுதல் தாதியருக்குச் செலவான பணத்தின் இரு மடங்கிலும் அதிகம்!

ஆதலால் நாம் வேண்டுவன மூன்று. முதலாவது, ஒரு தாதியின் பொறுப்பில் இருக்கக்கூடிய நோயாளர் தொகையையும், தொடர்ந்து வேலை செய்யக்கூடிய மணித்தியாலங்களையும் பாராளுமன்றம் சட்டத்தால் வரையறுக்க வேண்டும். புற்றுநோய் விடுதிகளில் அது முதலில் நடைமுறைக்கு வரட்டும். இரண்டாவது, மேலதிக நேர வேலையை நம்பியிராமல் வாழத்தக்க அடிப்படைச் சம்பளம் தாதியருக்கு வேண்டும். மூன்றாவது, புற்றுநோயாளர் ஒவ்வொருவரிடமும் அவரது களைப்பு அவரது மொழியிற் கேட்டுப் பதியப்பட வேண்டும். அதற்கு வேண்டிய அளவுகோலைத் தமிழ்ப் பேச்சுவழக்கையொட்டி ஆக்கிச் சோதிக்கும் பணியை நம் பல்கலைக்கழகங்களின் தாதியியற்றுறைகள் ஏற்க வேண்டும். தமிழறிந்த தாதியர் போதிய அளவில் நியமிக்கப்படவும் வேண்டும்.

ஆண்டுதோறும் மே 12ஆம் நாள் தாதியரைத் தேவதைகள் என்று மேடைகளிற் போற்றுகிறோம். அந்நாளிற் பிறந்த புளோரன்ஸ் நைற்றிங்கேல் விளக்கேந்தியதோடு அமையவில்லை. இறந்த போர்வீரரின் தொகையை எண்ணிக் கணக்கிட்டு அரசாங்கத்தின் முன் வைத்து மாற்றத்தைக் கேட்டார். இன்று கணக்கு நம் முன்னே இருக்கிறது. தமிழ் பேசும் மக்களின் பிரதிநிதிகள் அதைப் பாராளுமன்றத்துக்கு எடுத்துச் செல்வார்களா? சிங்களத் தாதியும் தமிழ்த் தாதியும் ஒரே விடுதியில் ஒரே களைப்போடு நிற்கின்றனர். இருவருக்குமாக எழுப்பப்படும் இக் குரலை எந்தக் கட்சிதான் மறுக்க முடியும்?