மரபணுவுக்கு ரேஷன் கார்டு தெரியுமா?

இந்தியப் பிள்ளைகள் குட்டையாக இருப்பதற்குப் பெரும்பாலும் வறுமை காரணமல்லவாம். நம் பிறவி வாகே அப்படித்தானாம், உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அளவுகோல்தான் நமக்குப் பொருந்தாததாம். பொருளாதார அறிஞர் அரவிந்த் பனகாரியா 2013இல் ‘எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி’யில் முன்வைத்த வாதத்தின் சாரம் இது. இன்றும் இதைத் தூக்கிக்கொண்டு வருபவர்கள் இருக்கிறார்கள். அரசாங்கங்களின் காதுக்கு இதைவிட இனிப்பான சேதி ஏது?

அந்த அளவுகோல் ஏதோ வெள்ளைக்காரப் பிள்ளைகளை மட்டும் வைத்துச் செய்ததல்ல. 1997 முதல் 2003 வரை ஆறு நாடுகளில் அளந்தார்கள். அதில் ஒன்று இந்தியா. தெற்கு டெல்லியின் வசதியான வீட்டுப் பிள்ளைகள் நார்வே பிள்ளைகளோடு ஏறக்குறைய ஒன்றாகவே வளர்ந்தார்கள். “அது பொறுக்கியெடுத்த கூட்டம்” என்று குறை சொல்கிறார்கள். ஆமாம் ஐயா, பொறுக்கித்தான் எடுத்தார்கள். எந்தக் குறையும் இல்லாத பிள்ளை எவ்வளவு வளரும் என்று பார்க்கத்தானே ஆய்வே நடந்தது!

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பைப் பாருங்கள். ஏழ்மையின் அடித்தட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட 100 பிள்ளைகளில் 46 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். மேல்தட்டில் 23 பேர். பீரோவில் நகை இருக்கிறதா என்று பார்த்துவிட்டா மரபணு எலும்பை நீட்டுகிறது? “மேல்தட்டிலும் 23 பேர் இருக்கிறார்களே” என்பார்கள். அந்த மேல்தட்டு கோடீஸ்வரர்களின் கூட்டமல்ல. வீட்டிலுள்ள பொருட்களை வைத்துப் போட்ட வரிசையில் மேலே வந்த ஐந்தில் ஒரு பங்கு. இன்று ஃபிரிட்ஜ் வைத்திருக்கும் தாய் தன் சிறுவயதில் அரைவயிறோடு வளர்ந்திருக்கலாம். அந்தக் குறை அவள் வயிற்றுப் பிள்ளையையும் தொடும்.

இன்னும் வசமான சாட்சி இருக்கிறது. பொருளாதார அறிஞர்கள் சீமா ஜெயச்சந்திரனும் ரோகிணி பாண்டேயும் 2017இல் இந்தியப் பிள்ளைகளை ஆப்பிரிக்கப் பிள்ளைகளோடு ஒப்பிட்டுக் காட்டினார்கள்: தலைச்சன் பிள்ளைகளில் இந்தியா பின்தங்கவில்லை, இரண்டாவது, மூன்றாவது என்று போகப்போகத்தான் இடைவெளி விரிகிறது. அண்ணனுக்கு ஒரு மரபு, தங்கைக்கு வேறு மரபா?

பனகாரியாவின் துருப்புச்சீட்டு கேரளம். சிசு மரணத்தைத் தடுப்பதில் ஆப்பிரிக்க நாடான செனகலைவிட எவ்வளவோ மேலான கேரளம், உயரத்தில் மட்டும் எப்படிப் பின்தங்கும் என்கிறார். தடுப்பூசியும் பக்கத்து ஆஸ்பத்திரியும் பிள்ளையைச் சாகாமல் காப்பாற்றும், வளர்க்காது. வளர முட்டையும் பாலும் வேண்டும், கர்ப்பிணியின் தட்டில் சத்து வேண்டும். சாகவில்லை என்பதாலேயே நன்றாகச் சாப்பிட்டது என்று முடிவுகட்டுவது என்ன கணக்கு?

உயரம் போனால் போகட்டும் என்பவர்களுக்குக் குவாத்தமாலாவைக் காட்டலாம். 1969 முதல் 1977 வரை அங்கே இரண்டு கிராமங்களில் புரதக் கஞ்சி கொடுத்தார்கள், வேறு இரண்டில் புரதமில்லாத இனிப்புப் பானம். பிறந்தது முதல் இரண்டு வயது வரை கஞ்சி கிடைத்த ஆண்கள் வளர்ந்து வேலைக்குப் போனபோது மணிக்கூலி சராசரியாக 46 சதவீதம் கூடுதல். அளவுகோலை இறக்கிவிட்டால் கணக்கில் குட்டைப் பிள்ளைகள் குறைவார்கள், சரி. அந்தக் கூலியை யார் கொடுப்பது?