சேர்ந்து எழுதும் பக்கத்தில் மௌனமாக இருப்பவர் யார்?

புதிதாக ஒரு கூட்டுப்பணிச் செயலி பள்ளிக்கு வந்துவிட்டால் முதல் நாள் எல்லாருக்கும் கொண்டாட்டம்தான். ஒரே பக்கத்தை ஐந்து பேர் ஐந்து வீட்டிலிருந்து திறக்கலாம். ஒவ்வொருவருக்கும் ஒரு வண்ணத்தில் சுட்டி துடிக்கும். அதன் மேல் பெயர் தெரியும். ஒருவர் தட்டும் எழுத்து மற்ற நால்வரின் திரையிலும் அந்தக் கணமே விழும். ‘இனி குழுப்பணிக்குக் கவலையே இல்லை’ என்று மாணவர்களும் சொல்கிறார்கள், ஆசிரியர்களும் சொல்கிறார்கள்.

அந்த முதல் எண்ணத்தை அப்படியே நம்பிவிடக் கூடாது. செயலி எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று பார்ப்பதற்கு முன், அந்தப் பக்கத்தில் யார் எழுதாமல் இருக்கிறார் என்று பார்க்க வேண்டும்.

இந்தக் கொண்டாட்டத்திற்கு ஒரு பழைய கதை உண்டு. 2009 மே 28-ஆம் நாள் கூகுள் நிறுவனம் ‘கூகுள் வேவ்’ என்ற கருவியை அறிமுகப்படுத்தியது. கூகுள் மேப்ஸுக்கு அடித்தளம் போட்ட லார்ஸ், யென்ஸ் ராஸ்முசன் சகோதரர்கள்தாம் இதையும் உருவாக்கினார்கள். மின்னஞ்சல், உடனடி உரையாடல், கூட்டாக எழுதும் ஆவணம் ஆகிய மூன்றையும் ஒன்றாக்கும் முயற்சி அது. அதே ஆண்டு செப்டம்பர் இறுதியில் ஒரு லட்சம் பேருக்கு அழைப்பு அனுப்பப்பட்டது. தமக்கும் ஓர் அழைப்பு கிடைக்காதா என்று ஏங்கியவர்கள் ஏராளம்.

நண்பர் எழுதி முடிப்பதற்கு முன்பே, அவர் தட்டுவது ஒவ்வோர் எழுத்தாக நம் திரையில் வரும். பிழையாகத் தட்டி அழிப்பதும் தெரியும். யோசித்துத் தயங்குவதும் தெரியும். முதலில் வியப்பு. பிறகு, நாம் தடுமாறுவதை மற்றவர் பார்த்துக்கொண்டிருக்கிறாரே என்ற கூச்சம். இதை எந்த வேலைக்குப் பயன்படுத்துவது என்பதும் பலருக்குப் பிடிபடவில்லை. எதிர்பார்த்த அளவுக்குப் பயனர்கள் சேரவில்லை என்று கூறி, 2010 ஆகஸ்டு 4-ஆம் நாள் கூகுள் அதன் மேம்பாட்டை நிறுத்துவதாக அறிவித்தது. அறிமுகமாகி ஒன்றேகால் ஆண்டுகூட ஆகவில்லை.

ஆனால், எழுத்துக்கு எழுத்து உடனே தெரியும் அந்த வசதி மறையவில்லை. அதே 2010-இல் கூகுள் டாக்ஸில் அது இடம்பிடித்தது. இன்று கென்வாவிலும் மைக்ரோசாப்ட் வேர்டிலும் நம் பிள்ளைகள் அதையே பயன்படுத்துகிறார்கள். நம் நாட்டில் 2020 மார்ச் 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலுக்கு வந்தது. ஜூன் மாதம் கல்வி அமைச்சின் ‘டெலிமா’ தளம் தொடங்கப்பட்டது. அதன் பிறகு ஒரே பக்கத்தில் கூடி எழுதுவது தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்கும் பழக்கமான ஒன்றாகிவிட்டது.

இதனால் நன்மை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. பாக்கார் ஆராங் வட்டாரத்தையே எடுத்துக்கொள்வோம். ஒரே வகுப்பில் தாமான் வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். பீடோங் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வரும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். பள்ளி வேன் போய்விட்டால் தோட்டத்துப் பிள்ளை மாலையில் சுங்கை பட்டாணிக்கு வர வழியில்லை. தந்தை தொழிற்சாலையில் இரவு வேலைக்குப் போகும் வீட்டில் மோட்டார் சைக்கிளும் அவரோடு போய்விடும். அப்படிப்பட்ட பிள்ளை வீட்டிலிருந்தபடியே நண்பர்களோடு சேர்ந்து வேலை செய்ய முடிகிறது என்றால் அது பெரிய உதவிதான்.

ஆனால், அருகிலிருந்து நான் பார்த்த ஒரு குழுப்பணி என்னை யோசிக்க வைத்தது. படிவம் நான்கு மாணவர்கள் ஐந்து பேர். தலைப்பு, தங்கள் தாத்தா பாட்டி வாழ்ந்த தோட்டம். பக்கத்தைத் திறந்த பத்தாவது நிமிடத்திலேயே, மடிக்கணினி வைத்திருந்த மாணவர் மூன்று பத்திகள் எழுதிவிட்டார். ‘தோட்டத் தொழிலாளர்கள் அல்லும் பகலும் பாடுபட்டனர்’ என்பது போன்ற, எந்தத் தோட்டத்துக்கும் பொருந்தும் வரிகள். குழுவில் ஒரு மாணவி பாட்டியோடு வளர்பவர். பால்மரம் வெட்டிய பாட்டி சொன்ன கதைகள் அவருக்கு அத்துப்படி. அவர் கைப்பேசியில் மெதுவாக ஒரு வரியைத் தட்டினார். விடியுமுன் பெரட்டுக்கு ஓடியதைப் பற்றிய வரி அது. அவர் வரியை முடிப்பதற்குள் நண்பர் ஒருவர் அதை எழுத்துப்பிழை என்று நினைத்து ‘புரட்டு’ என்று திருத்திவிட்டார். கெட்ட எண்ணத்தில் செய்ததல்ல. பெயரழைப்புக்குத் தோட்டத்தில் வழங்கிய சொல் பெரட்டு என்பது அவருக்குத் தெரியாது. அந்த மாணவி மறுபடி திருத்தவில்லை. அதன் பிறகு அவருடைய சுட்டி பக்கத்தின் அடியில் சும்மா துடித்துக்கொண்டிருந்தது. வேலை குறித்த நேரத்தில் முடிந்தது. ஐந்து பெயர்களும் முகப்பில் இருந்தன. மங்கு, லயம் என்ற சொற்களில் ஒன்றுகூட அதில் இல்லை.

இருவர் ஒரே வரியில் ஒரே நேரத்தில் தட்டினாலும் இத்தகைய செயலிகள் இரண்டு மாற்றங்களையும் ஒழுங்குபடுத்தி, எல்லார் திரையிலும் ஒரே பிரதியைக் காட்டிவிடும். எழுத்துகள் மோதாமல் பார்த்துக்கொள்ள அவற்றுக்குத் தெரியும். ஒருவர் மனம் ஒடுங்கி ஒதுங்குவதைக் கவனிக்க அவற்றுக்குத் தெரியாது. அது நம் வேலை.

ஒதுங்குவது பெரும்பாலும் விவரம் தெரியாத பிள்ளை அல்ல. வசதியில் பின்தங்கிய பிள்ளை. கல்வி அமைச்சு 2020-இல் பெற்றோரிடம் நடத்திய ஆய்வில், ஏறக்குறைய 37 விழுக்காட்டு மாணவர்களிடம் எந்தக் கருவியும் இல்லை என்று தெரியவந்தது. திறன்பேசி வைத்திருந்தோர் 46 விழுக்காட்டினர். மடிக்கணினி வைத்திருந்தோர் 9 விழுக்காட்டினர் மட்டுமே. அதன் பிறகு நிலைமை மாறியிருக்கலாம். ஆனால் மடிக்கணினிக்கும் கைப்பேசிக்கும் உள்ள இடைவெளி அப்படியேதான் இருக்கிறது. கைப்பேசியில் பாதித் திரையை விசைப்பலகை மறைத்துக்கொள்ளும். மற்றவர்கள் மேலே எழுத எழுத, நாம் எழுதும் வரி கீழே நழுவும்.

தமிழில் தட்டும் வேகம் அடுத்த தடை. கையால் அழகாகத் தமிழ் எழுதும் பிள்ளைகள்கூடப் புலனத்தில் ஆங்கில எழுத்துகளைக் கொண்டே தமிழ் பேசிப் பழகியவர்கள். நால்வர் பார்த்துக்கொண்டிருக்கும் பக்கத்தில் ‘ழ’வையும் ‘ள’வையும் தேடித் தட்ட வெட்கம், உடனே மலாய்க்கோ ஆங்கிலத்திற்கோ தாவிவிடுகிறார்கள். இது நமக்கு வந்திருக்கவே கூடாத நிலை. முரசு அஞ்சல் நம் நாட்டில் பிறந்த மென்பொருள். முத்து நெடுமாறன் 1985-இல் தொடங்கிய பணி, 2005-இல் செல்லினமாகக் கைப்பேசிக்கும் வந்துவிட்டது. நம்மவர் செய்து தந்த விசைப்பலகையை நம் பிள்ளைகளுக்கு நாம் முறையாகக் கற்றுத் தரவில்லை என்பதே குறை. நான்காம் ஆண்டிலேயே, வாரத்திற்கு அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

அதற்குக் காத்திருக்காமல் நாளையே செய்யக்கூடியவையும் உண்டு. கூட்டாக எழுதுவதற்கு முன், ஒவ்வொருவரும் கால்மணி நேரம் தத்தம் நோட்டுப் புத்தகத்தில் எழுதட்டும். யாரும் பார்க்காத இடத்தில் தடுமாறும் உரிமை எழுதுகிறவருக்கு வேண்டும். மெதுவாகத் தட்டுபவர் அதைப் படம் பிடித்துப் பக்கத்தில் ஒட்டினாலும் சரி, குரல்பதிவாக அனுப்பினாலும் சரி. பிறர் எழுதிய வரியை நேராக அழிக்கவோ மாற்றவோ கூடாது. ஐயம் இருந்தால் ஓரத்தில் கருத்தாக எழுதிக் கேட்க வேண்டும். ‘பெரட்டு என்றால் என்ன?’ என்று ஒரு கேள்வி வந்திருந்தால், ஒரு பத்தியே பிறந்திருக்கும்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கூகுள் டாக்ஸ் போன்றவற்றில் பதிப்பு வரலாறு என்ற வசதி இருக்கிறது. யார் எப்போது எதை எழுதினார், எது நீக்கப்பட்டது என்பதை அதில் பார்க்கலாம். முடிந்த படைப்புக்கு மட்டும் புள்ளி போடாமல் அதையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். குறைவாக எழுதியவரைத் தண்டிக்க அல்ல, அவர் ஏன் நிறுத்தினார் என்று கேட்பதற்காக.

கோயில் திருவிழாவுக்கு முந்தைய நாள் கோத்தோங் ரோயோங்கைப் பார்த்தவர்களுக்கு இது புதிய பாடம் அல்ல. தோரணம் கட்டத் தெரிந்த தாத்தாவிடம் தோரணம், சமையல் தெரிந்த அத்தைகளிடம் அடுப்பு, இளைஞர்களிடம் பந்தல். தாத்தா மெதுவாகப் பின்னுகிறார் என்று யாரும் ஓலையைப் பிடுங்குவதில்லை. அவரவர் அறிந்ததை அறிந்து வேலை பிரிப்பதால்தான் காலையில் திருவிழா தயாராக இருக்கிறது.

செயலிகள் நிலையானவை அல்ல. இணைய வகுப்புகளில் பலருக்குக் கைகொடுத்த கூகுள் ஜேம்போர்டும் 2024 டிசம்பர் இறுதியோடு மூடப்பட்டது. நாளை வேறொன்று வரும். அதற்கும் முதல் நாள் கொண்டாட்டம் இருக்கும். கெடாவில் எத்தனையோ தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டன. அங்கு வாழ்ந்தவர்களின் சொற்கள் இன்னும் சில பாட்டிகளிடமும், அவர்களின் மடியில் வளர்ந்த சில பேரப்பிள்ளைகளிடமும்தான் மிச்சம் இருக்கின்றன. அந்தப் பிள்ளை எழுதும்வரை மற்ற நால்வரும் காத்திருக்கப் பழகினால், எந்தச் செயலியும் நல்ல செயலிதான்.