ப்ளேன் பழசான்னு கேக்குறோம், சீட் எப்படின்னு கேக்குறதில்ல

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுல சென்னை பஸ் ஏறும்போது என்னல்லாம் பாக்குறோம்? வண்டி புதுசா, சீட் டூ-பை-டூவா, கடைசி சீட்டுதான் மிச்சமா... அதே ஆளுங்க மதுரைல இருந்து ப்ளேன் டிக்கெட் போடும்போது விலையையும் நேரத்தையும் மட்டும் பார்த்துட்டு பணம் கட்டிடுறோம்.

இன்டர்வியூ, ஜாயினிங்னு நம்ம பேட்ச்ல பல பேர் முதல் தடவையா பறக்கப் போறாங்க. அவங்க கேக்குறது ஒண்ணுதான்: "அந்த ஏர்லைன்ஸ்ல ப்ளேன் பழசாமே?" இந்தப் பயம் பாதிதான் சரி. விமானத்தோட வயசை வருஷத்துல மட்டும் எண்ண முடியாது. ஒவ்வொரு தடவை பறக்கும்போதும் கேபின்ல காற்றழுத்தம் ஏறி இறங்குது, உலோகத் தகடு விரிஞ்சு சுருங்குது. எக்ஸாமுக்கு மனப்பாடம் பண்ணோமே, ஃபடீக், அதுதான். 1988-ல ஹவாயில அலோஹா ஏர்லைன்ஸோட 737 ஒண்ணுக்கு நடுவானத்துல கூரையே பிய்ஞ்சு போச்சு. வயசு 19தான், ஆனா தீவு விட்டுத் தீவு குட்டிக் குட்டிப் பயணமா 89,000 தடவைக்கு மேல பறந்திருந்தது. மறுபக்கம், 2018-ல கடல்ல விழுந்த லயன் ஏர் 737 மேக்ஸ், டெலிவரி ஆகி மூணு மாசம்கூட முடியல. ஆக, வயசை வச்சு பெருசா எதுவும் சொல்லிட முடியாது. பராமரிப்புதான் முக்கியம், அது டிக்கெட் வாங்குற நம்ம கண்ணுக்குத் தெரியாது.

தெரியக்கூடியது சீட் அமைப்பு. ஒரே ஏ320 நியோவை இண்டிகோ சிலதுல 180 சீட்டோடவும் சிலதுல 186 சீட்டோடவும் ஓட்டுது. அதாவது ஒரு வரிசை கூடுதல். பின்னாடி டாய்லெட், கிச்சனை எல்லாம் நெருக்கித்தான் அந்த இடம் கிடைக்குது. மதுரை–சென்னைக்கு வர்ற ஏடிஆர் 72-ஐ "குட்டி ப்ளேன்"னு கிண்டல் பண்றாங்க. என் ஓட்டு அதுக்குத்தான்! ரெண்டு ரெண்டு சீட், நடு சீட்டுங்கிற தொல்லையே இல்ல. இறக்கை மேல இருக்குறதால ஜன்னல்ல ஊர் தெரியும். கதவு பின்னாடி, அதனால கடைசி வரிசைக்காரங்க முதல்ல இறங்கலாம். ப்ரொப்பெல்லர் பக்கத்து வரிசையில மட்டும் உக்காராதீங்க, இரைச்சல்.

ஒன்றரை மணி நேரத்தை எப்படியும் ஓட்டிடலாம். ஆனா திருச்சில இருந்து சிங்கப்பூருக்கு நாலு மணி நேரம், மூட்டுவலியோட அம்மாவை அனுப்புறப்போ முழங்காலுக்கு எத்தனை இன்ச் இடம்னு தெரிஞ்சே ஆகணும். பஸ் ஆப்ல சீட் வகை முதல் வரியிலயே வருது. விமான டிக்கெட்ல எங்கயோ தேடித் தட்டினாத்தான் மாடலே தெரியும், இன்ச் கணக்கு பெரும்பாலும் அங்கயும் இருக்காது. ரெண்டையும் விலைக்குப் பக்கத்துலயே போடணும்னு டிஜிசிஏ விதி கொண்டுவரட்டும். கடைசி நேரத்துல ப்ளேனை மாத்தினா, அதையும் ஒரு எஸ்எம்எஸ்ல சொல்லட்டும்.