15 ஆண்டுப் பழைய கணக்கில் கோலார்: தங்கம் போன பின் எதை நம்பி வாழ்கிறது மாவட்டம்?

பெங்களூரு: 2027 மார்ச் 1-ஆம் தேதியை ஆதார நாளாகக் கொண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடத்தப்படும் என மத்திய அரசு 2025 ஜூன் 16 அன்று அரசிதழில் அறிவித்தது. நாடு முழுமைக்கும் பொதுவான இந்த அறிவிப்பு, கர்நாடகத்தின் கிழக்கு எல்லையில் உள்ள கோலார் மாவட்டத்திற்குக் கூடுதல் முக்கியத்துவம் வாய்ந்தது. அம்மாவட்டத்தைப் பற்றி அரசிடம் உள்ள முழுமையான கணக்கு 2011-ஆம் ஆண்டுடன் நின்றுவிட்டது. அதன் பொருளாதாரம் திசை மாறியதோ பெரும்பாலும் அதற்குப் பிறகுதான்.

2011 கணக்கெடுப்பின்படி கோலாரின் மக்கள்தொகை 15,36,401. ஆயிரம் ஆண்களுக்கு 979 பெண்கள், எழுத்தறிவு 74.39 சதவீதம். பத்தில் ஏறக்குறைய ஏழு பேர் கிராமங்களில் வசித்தனர். பட்டியல் சாதியினரின் பங்கு சுமார் 30 சதவீதம். மாநிலத்திலேயே இதுதான் மிக அதிகம். கர்நாடகத்தின் சராசரி 17 சதவீதம் மட்டுமே.

இந்த எண்களுக்குள் ஒரு தமிழ் வரலாறும் இருக்கிறது. 1880-இல் ஜான் டெய்லர் நிறுவனம் கோலார் தங்க வயலில் சுரங்கப் பணியைத் தொடங்கியபோது, வட ஆற்காடு உள்ளிட்ட தமிழ்ப் பகுதிகளிலிருந்து பெருமளவில் தொழிலாளர்கள் அங்கு சென்றனர். 1902-இல் சிவனசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிக ஆழம் சென்றது. 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் பணிகளை நிறுத்தியதும், நான்கைந்து தலைமுறைகளாக ஒரே தொழிலை நம்பியிருந்த நகரம் ஒரே நாளில் வேலையிழந்தது.

இத்தகைய வீழ்ச்சியை அமெரிக்காவின் கிராமப்புற மாவட்டங்கள் நன்கு அறியும். மேற்கு வர்ஜீனியாவின் மெக்டவல் கவுண்டியில் 1950-இல் 98,887 பேர் வாழ்ந்தனர். நிலக்கரித் தொழில் சுருங்கச் சுருங்க, 2020-இல் அங்கே எஞ்சியவர்கள் 19,111 பேர். கோலார் தங்க வயலில் அப்படி நடக்கவில்லை. சுரங்கம் மூடிப் பத்தாண்டுகள் கழிந்த 2011-இலும் ராபர்ட்சன்பேட்டை நகரில் 1.62 லட்சம் பேர் இருந்தனர்.

காரணம் ரயில். மாரிகுப்பத்தில் அதிகாலையில் ஏறினால் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூருவுக்கு வேலை நேரத்திற்குள் வந்து சேரலாம். பலர் கண்டோன்மென்ட் நிலையத்தில் இறங்கி நகரெங்கும் பிரிகின்றனர். ரிச்சர்ட்ஸ் டவுன், காக்ஸ் டவுன், பிரேசர் டவுன் எனத் தமிழ் சரளமாகப் புழங்கும் பழைய கண்டோன்மென்ட் பகுதிகள் அதன் அருகில்தான் உள்ளன. ஆனால் கணக்கெடுப்பு ஒருவரை அவர் வசிக்கும் இடத்தில்தான் எண்ணுகிறது. எனவே வேலை போன நகரமும் காகிதத்தில் நிரம்பிய நகரமாகவே தெரிகிறது. பணியிடத்திற்கான தொலைவு, பயண முறை குறித்து 2011-இல் கேள்விகள் கேட்கப்பட்டன. ஆனால் அந்தப் பதில்கள் இன்றைய நிலவரத்தைச் சொல்லமாட்டா.

கிராமங்களின் கதை வேறு. வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லாத இம்மாவட்டம் ஏரிகளையும் ஆழ்துளைக் கிணறுகளையும் நம்பியே தக்காளி, மாம்பழம், பட்டு, பால் ஆகியவற்றை உற்பத்தி செய்கிறது. ஆயிரம் அடிக்குக் கீழே துளையிட்டும் தண்ணீர் கிடைக்காத ஊர்கள் உண்டு. 2018 முதல், பெங்களூருவின் கழிவுநீரைச் சுத்திகரித்துக் கோலார் ஏரிகளில் நிரப்பும் கோரமங்களா–சல்லகட்டா பள்ளத்தாக்குத் திட்டம் செயல்படுகிறது. நிலத்தடி நீர் உயர்ந்தது என்பது அரசின் வாதம். இரண்டாம் கட்டச் சுத்திகரிப்பு மட்டும் போதாது என்பது விவசாயிகளின் அச்சம். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2023 ஜூலையில் கோலார் சந்தையில் 15 கிலோ தக்காளிப் பெட்டி 2,000 ரூபாயைத் தாண்டியது. அதே சந்தையில் வண்டிக்கூலிக்கும் கட்டாமல் தக்காளி சாலையோரம் கொட்டப்பட்ட பருவங்களும் உண்டு. ஒரு நல்ல ஆண்டை வைத்து இம்மாவட்டத்தின் வருமானத்தை மதிப்பிட இயலாது.

தொழில்துறையில் நரசாபுரா மாற்றத்தின் முகமாக உள்ளது. 2013-இல் ஹோண்டா இருசக்கர வாகன ஆலை வந்தது. பின்னர் வந்த விஸ்ட்ரான் ஐபோன் ஆலையில், ஊதியப் பிரச்சினையால் 2020 டிசம்பரில் வன்முறை வெடித்தது. 2023-இல் அது டாடா குழுமத்தின் கைக்கு மாறியது. விளைநிலங்களுக்கு நடுவே எழுந்த இந்த ஆலைகளின் தொழிலாளர்களில் எத்தனை பேர் உள்ளூர்வாசிகள், எத்தனை பேர் விடுதிகளில் தங்கியிருக்கும் வெளியூர்ப் பெண்கள் என்பதை 2011-இன் அட்டவணைகளில் தேடிப் பயனில்லை.

பழைய எண்ணுக்கு விலை உண்டு. தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் எத்தனை பேருக்கு மானிய தானியம் என்ற உச்சவரம்பு இன்றளவும் 2011 மக்கள்தொகையை அடிப்படையாகக் கொண்டதே. அதன் பிறகு தனிக்குடும்பமானவர்கள் குடும்ப அட்டைக்காகக் காத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். கோலார் மக்களவைத் தொகுதி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. சாதி விவரமும் சேகரிக்கப்படவுள்ள இக்கணக்கெடுப்பின் முடிவுகள் இங்கே எத்தனை கவனமாக வாசிக்கப்படும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இதனிடையே, தங்க வயலைச் சுற்றி மலைபோல் குவிந்துள்ள 13 சயனைடு மண்மேடுகளிலிருந்து எஞ்சிய தங்கத்தைப் பிரித்தெடுக்கும் மத்திய அரசின் யோசனைக்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூனில் ஒப்புதல் அளித்தது. மண்மேடுகளைக் கிளறுவது பெரும்பாலும் இயந்திர வேலை. காற்றில் பறக்கும் தூசி குடியிருப்புகளைத்தான் சேரும். சுரங்கக் காலக் குடியிருப்புகளில் இன்னும் வசிக்கும் முன்னாள் தொழிலாளர் குடும்பங்களின் வீட்டு உரிமைக் கோரிக்கையோ, சுரங்கம் மூடப்பட்ட நாளிலிருந்து நிலுவையில் உள்ளது.