பொய்ச்சான்றும் பிழைப்பும்

காஞ்சியில் பட்டுச்சேலை வாங்க வரும் விவரமறிந்தவர், சரிகையை உரசிப் பாராமல் பணத்தை எடுப்பதில்லை. மேற்பூச்சு விலகிச் சிவந்த பட்டிழை தெரிந்தால் நம்புவார். செம்பு பல்லிளித்தால் சேலையை மடித்துத் திருப்பித் தருவார். அதே மனிதர் தம் கைபேசிக்கு வரும் செய்தியை உரசிப் பார்க்கிறாரா?

2023 மார்ச் முதல் வாரத்தை நினைவுகூர்வோம். தமிழகத்தில் பீகார்த் தொழிலாளர் கொல்லப்படுகின்றனர் எனக் காணொளிகள் பரவின. அப்போதைய காவல்துறைத் தலைவர் சைலேந்திர பாபு இரு காணொளிகளைக் குறித்து உடனே மறுப்புத் தந்தார்: ஒன்று பீகார்த் தொழிலாளர் தமக்குள்ளேயே மோதிக்கொண்டது; மற்றொன்று கோவையில் உள்ளூராரிடையே நேர்ந்தது. காயக்கட்டுகளுடன் இருவர் தோன்றிய வேறொரு காணொளி பாட்னாவில் ஒரு வாடகை வீட்டில் எடுக்கப்பட்டது என்றது பீகார்க் காவல்துறை.

இவற்றைப் பரப்பியதாகக் குற்றஞ்சாட்டப்பட்டுக் கைதானவர் மணிஷ் கஷ்யப். ‘சச் தக்’ என்னும் யூடியூப் செய்தி அலைவரிசையை நடத்தியவர். அப்பெயருக்கு ‘உண்மை வரை’ என்று பொருளாம்! அவர்மீது தேசியப் பாதுகாப்புச் சட்டம் பாய்ந்தது. அது மிகை என்பதே எம் கருத்து, உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையும் அதே ஆண்டு நவம்பரில் அதனை நீக்கிற்று. சட்டப்படி அவர் குற்றவாளியா என்பது நீதிமன்றங்களுக்குரியது. நாம் கேட்பது வேறு. டிசம்பரில் சிறையினின்று வெளிவந்தவர் 2024இல் பாரதிய ஜனதாவில் சேர்ந்தார். 2025இல் அதை விட்டு ஜன் சுராஜ் கட்சியின் வேட்பாளராகச் சன்பட்டியா தொகுதியில் நின்று தோற்றார். இத்தகைய புகழை முதலாக ஏற்று வாசல் திறந்துவிடும் கட்சிகளை என்னென்பது? அம்முதலைச் சேர்த்துக் கொடுத்த விரல்கள் யாருடையவை?

அத்தவக்கால ஞாயிறன்று எம் ஆலயத்தின் பின்வரிசை வெறுமையாய்க் கிடந்தது. ஒரகடம் தொழிற்சாலைகளில் உழைக்கும் ஜார்க்கண்ட், ஒடிசா இளைஞர் அமரும் இடம் அது. ஹோலிக்குப் போயிருப்பர் என்றார் உபதேசியார். ஜார்க்கண்ட் கத்தோலிக்கப் பிள்ளைக்கு ஹோலிக்கு என்ன அவசரம்? தாய்மார் தொலைபேசியில் அழுதழைக்க, அவர்கள் ஓடியிருந்தனர்.

வடவர் செய்த பழியென்று நாம் கைகழுவவும் இயலாது. 2018 மே மாதம் நமக்கு அண்மையிலுள்ள போளூர்ப் பகுதியில், குலதெய்வத்தை வழிபடக் குடும்பத்தோடு வந்த மூதாட்டியைப் பிள்ளை பிடிப்பவரென எண்ணி அடித்தே கொன்றனர். வடநாட்டார் குழந்தைகளைக் கடத்த வந்துள்ளனர் என்னும் கைபேசி வதந்தி அப்போது இம்மாவட்டங்களில் சுற்றிக்கொண்டிருந்தது. அதற்கு ஆசிரியர் எவருமில்லை, அலைவரிசையுமில்லை. அனுப்பியவர் நம்மைப் போன்றோரே.

எட்டாம் கட்டளையை நாம் சிறுபிள்ளைகளுக்குரியதாக்கிவிட்டோம். உண்மைக்கும் நீதிக்கும் எதிரான குற்றம் மன்னிக்கப்பட்ட பின்னும் அதை ஈடுசெய்யும் கடமை நீங்காது எனத் திருஅவையின் மறைக்கல்வி நூல் கற்பிக்கிறது. திருடியதைத் திருப்பித் தரவேண்டும் என்றால் எவரும் ஒப்புவர். பறித்த நற்பெயருக்கும் அவ்விதியே என்றால் முகஞ்சுளிக்கின்றனர்.

வட மாநிலத்தாரைப் பற்றிய இத்தகைய வதந்தியொன்று எம் பங்கின் கைபேசிக் குழுவிலும் வந்தது. அனுப்பிய அன்பரை அழைத்து, எவர்க்கெல்லாம் சென்றதோ அவர்க்கெல்லாம் திருத்தம் அனுப்பச் சொன்னோம்.

“அதை அன்னைக்கே அழிச்சிட்டேனே, சாமி” என்றார்.

எத்தனை பேருக்கு அனுப்பினீர் என்று கேட்டோம். அது அவருக்கு நினைவில்லை.