கவுதாரிக்கு நாலடி வரப்பு

இங்கிலாந்தில் குறைந்த நிலம் உள்ளவர்களும் நாலைந்து பேராகச் சேர்ந்து பறவை வேட்டை நடத்துகிறார்கள். பண்ணையில் பொரித்து வளர்த்த பெசன்ட் கோழிகளையும் கவுதாரிகளையும் வயலில் திறந்துவிடுவார்கள். பருவம் வந்ததும் ஆள்விட்டுக் கலைத்து, பறக்கையில் சுடுவார்கள். சுட வருகிறவர் கட்டும் பணம் நிலத்துக்காரருக்கு. இதே ஏற்பாட்டை இங்கும் அனுமதித்தால், மல்லாட்டை (நிலக்கடலை) போட்டுக் கடனாளியான ஆரணிப் பக்கத்து மானாவாரி விவசாயிக்குக் கவுதாரியாவது கைகொடுக்காதா என்று கேட்கலாம். கேலி செய்து ஒதுக்கிவிடக்கூடிய கேள்வி இல்லை இது. ஆனாலும் கூடாது என்பதுதான் என் பதில். அந்த வேட்டைக்காரர்கள் பறவைக்காக வயலோரத்தில் செய்கிற வேலையை மட்டும் நாம் எடுத்துக்கொண்டால் போதும்.

முதலில் சட்டம். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் தொடக்கத்தில் வேட்டையை முற்றாக மூடிவிடவில்லை; சிறு வேட்டைக்கென்றே ஓர் உரிமம் அதில் இருந்தது. 1991 திருத்தம் அதை எடுத்துவிட்டது. இன்று சொந்தப் பட்டா நிலத்தில் கண்ணி வைத்து ஒரு கவுதாரியைப் பிடித்தாலும் குற்றம். மூன்றாண்டு வரை சிறை, 2022 திருத்தத்துக்குப் பிறகு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். சட்டத்தைத் திருத்திக்கொள்ளலாமே என்பார்கள். திருத்தினாலும் நிலம் இடம் கொடுக்காது. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஓர் உழவரின் சராசரி நிலம் 0.75 ஹெக்டேர், இரண்டு ஏக்கருக்கும் குறைவு. சதுரமாக வைத்துப் பார்த்தால் ஒரு பக்கம் 87 மீட்டர்கூட வராது. பறவை சுடும் துப்பாக்கியின் ரவையோ இருநூறு மீட்டர் தாண்டியும் போய் விழக்கூடியது. நம் நிலத்தில் நின்று சுட்டால், பக்கத்துக் கொல்லையில் களையெடுக்கும் பெண்கள் மேல் விழும். ரவை பெரும்பாலும் ஈயம். நீர்ப்பறவைகள் அதைப் பொடிக்கல் என்று நினைத்து விழுங்கி நஞ்சேறிச் சாவதால்தான் ஐரோப்பிய ஒன்றியம் 2023 முதல் நீர்நிலைகளில் ஈய ரவைக்குத் தடை போட்டது. ஏரிப் பாசனத்தை நம்பியிருக்கும் ஊர்களுக்கு அந்த ஆபத்து எதற்கு?

பொழுதுபோக்கு வேட்டை பெரும்பாலும் பெருநிலக்காரருடையதாகவே இருந்தது. இங்கே அப்படிப் பெருநிலம் ஆண்ட ஆரணி ஜாகீர்தார்கள் பூசிமலைக்குப்பத்தில் காட்டோரம் கட்டிய மாளிகை சிதைந்து நிற்கிறது. பல கிராமங்களை ஒரே குடும்பம் ஆண்ட காலமும் போய்விட்டது, போனது நல்லதே. வயிற்றுக்காக வேட்டையாடிய நரிக்குறவர்களிடமிருந்து அந்தத் தொழிலைச் சட்டம் பறித்தது. பழங்குடிப் பட்டியலில் அவர்கள் பெயர் ஏறவே 2023 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவர்களுக்கு மறுத்ததைப் பணம் கட்டிப் பொழுதுபோக்க வருகிறவருக்குத் திறந்துவிடுவதை எந்த நியாயத்தில் சேர்ப்பது?

இனி, எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம். பிரிட்டனின் சாம்பல் கவுதாரி 1970-க்குப் பிறகு பத்தில் ஒரு பங்குக்கும் கீழே குறைந்துவிட்டது. டிக் பாட்ஸ் என்ற ஆய்வாளர் சசெக்ஸ் வயல்களில் ஆண்டுக்கணக்கில் பறவைகளை எண்ணி அதற்குக் காரணம் தேடினார். களைக்கொல்லி அடித்ததும் களைகள் போயின; களையில் வாழ்ந்த புழு பூச்சிகள் போயின; பிறந்த முதல் சில வாரம் பெரும்பாலும் பூச்சியையே தின்று வளரும் குஞ்சுகள் தீனியில்லாமல் செத்தன. கோதுமை வயலின் விளிம்பில் ஆறு மீட்டர் அகலத்துக்கு மருந்தைக் குறைத்துப் பார்த்தார்கள். பிழைத்த குஞ்சுகள் கூடின. பண்ணைப் பறவையைக் கொண்டுவந்து கொட்டினால் இந்தப் பஞ்சம் கண்ணுக்குத் தெரியாமல் போகும், தீராது. கலப்பு ஆபத்து வேறு. ஐரோப்பாவில் வேட்டைக்காகத் திறந்துவிட்ட ஜப்பானிய வம்சப் பண்ணைக் காடைகள் காட்டுக்காடையோடு இனம் கலந்துவிட்டன. நம் ஓட்டல் தட்டில் வரும் காடையும் 1974-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட அதே ஜப்பானிய இனம்தான். அது கூண்டிலேயே இருக்கட்டும்.

வேட்டைப் பணம் இல்லாமல் யார் வயலோரத்தைக் காப்பார்கள் என்பது வலுவான மறுப்பு. சசெக்ஸிலேயே அருண்டெல் பக்கம் நார்ஃபோக் கோமகனின் பண்ணையில், மீண்டும் வேட்டை நடத்தும் ஆசையில்தான் வேலியும் புல்வரப்பும் போட்டார்கள். அற்றுப்போகும் நிலையிலிருந்த கவுதாரி பெருகியது. உண்மைதான். ஆனால் அது ஏறத்தாழ ஆயிரம் ஹெக்டேர், ஒரே உடைமை. இங்கே அந்தப் பரப்பில் ஆயிரத்துக்கு மேற்பட்ட பட்டாதாரர்கள் இருப்பார்கள். அத்தனை பேரிடமும் கையெழுத்து வாங்கி வேட்டை நடத்துவது நடக்கிற காரியமா? வரப்பு அப்படியில்லை, ஒருவர் நாலடி அகலம் விட்டாலும் அந்த நாலடிக்குப் பலன் உண்டு, அடுத்தவரும் விட்டால் அது தொடர்ந்து நீளும்.

நம் கவுதாரி சாம்பல் கவுதாரிக்குத் தூரத்து உறவு; தேவை ஏறக்குறைய ஒன்றே. முள்புதர் அடியில் தரையில் முட்டையிடும், இரவில் முள்மரத்தில் அடையும். மல்லாட்டைக் காயைத் துளைக்கும் கரையான் அதற்குப் பிடித்த தீனி. விதையையும் கொத்தும், மறைக்க வேண்டியதில்லை. காரை, சூரை, இலந்தை நின்ற வரப்பை இயந்திரத்தால் வழித்துவிட்டு, மிஞ்சிய புல்லுக்கும் களைக்கொல்லி அடிக்கும் வழக்கம்தான் அதை விரட்டுகிறது. சீமைக்கருவேலத்தை அகற்றுவது சரி. ஆனால் அகற்றிய இடத்தில் நாட்டு முள்செடி வைக்காமல் விட்டால் பறவைக்கு ஒதுங்க இடமில்லை. பட்டு நெய்யும் ஆரணிக்கு இன்னொரு கணக்கும் புரியும். பக்கத்து வயல் பூச்சிமருந்து காற்றில் வந்து மல்பெரி இலையில் படிந்தால் பட்டுப்புழு செத்துவிடும். அடர்ந்த உயிர்வேலி அந்த மருந்தில் ஒரு பகுதியையாவது தடுக்கும்.

புதர் விட்டால் பாம்பும் எலியும் வரும், மயிலும் காட்டுப்பன்றியும் வரும் என்று விவசாயிகள் சொல்வதில் பாதி உண்மை. காட்டை ஒட்டிய நிலங்களில் புதர் வளர்க்கச் சொல்வது அநியாயம். ஏற்கெனவே மயிலும் பன்றியும் தின்றது போகத்தான் அவர்களுக்கு விளைச்சல். காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியை வனத்துறை சுடலாம் என்று 2025-இல் அரசு ஆணையிட்டது அந்த வேதனையால்தான். எனவே வரப்புத் திட்டம் காட்டிலிருந்து தள்ளியுள்ள சமவெளி நிலங்களுக்கு மட்டும், அதுவும் விரும்புகிறவருக்கு மட்டும் இருக்கட்டும்.

பணத்துக்கு வழி இருக்கிறது. நெல் வரப்பில் உளுந்தும் தட்டைப்பயறும் போட்டால் நன்மை செய்யும் பூச்சிகள் வரும் என்று வேளாண் துறையே பரிந்துரைக்கிறது. மாநிலத்துக்கு 2021 முதல் தனி வேளாண் பட்ஜெட்டும் உண்டு. அதில் மருந்தடிக்காத வரப்புக்கு மீட்டர் கணக்கில் ஒரு தொகை ஒதுக்க வேண்டும். விட்ட நிலத்தின் விளைச்சலுக்கு ஈடாகவாவது அந்தத் தொகை இருக்க வேண்டும். இல்லையென்றால் எவரும் விடமாட்டார்கள், விடாதவரைக் குறைசொல்லவும் முடியாது. திருவண்ணாமலை மாவட்ட நிர்வாகம் ஆரணி வட்டாரத்தில் சில கிராமங்களைத் தேர்ந்து, மூன்று பருவத்துக்கு இதைச் செய்துபார்த்துக் கவுதாரிகளை எண்ணிச் சொல்லட்டும்.