இராத் தீனியும் பகல் ஜாதியும்

மதுரைக்குத் தூங்கா நகரம் என்று ஒரு பெயர் வழங்கி வருவது யாவரும் அறிந்ததே. பெயர் எப்போது வந்ததானாலும் பழக்கம் பழையதுதான். மாங்குடி மருதனார் பாடிய மதுரைக் காஞ்சியிலேயே பகல் கடைத்தெருவுக்கு நாளங்காடி என்றும், இராக் கடைத்தெருவுக்கு அல்லங்காடி என்றும் இரண்டு பெயர்கள் காணப்படுகின்றன. இன்றைக்கும் இரவு பத்து மணிக்கு மேல் அவ்வூரில் பரோட்டாக் கல்லின் சத்தம் ஓய்வதில்லை. ஆட்டம் பார்த்துவிட்டு வருகின்றவர்களும், மாட்டுத்தாவணியில் பஸ் விட்டு இறங்குகின்றவர்களும், கடையைப் பூட்டிவிட்டு வருகின்ற சிப்பந்திகளும் நாலைந்து பேராகச் சேர்ந்து கறி தோசை, கொத்துப் பரோட்டா, சால்னா என்று சாப்பிட்டுவிட்டு, ஒரு குவளை ஜிகர்தண்டாவையும் குடித்துவிட்டுப் போகின்றார்கள்.

இதைக் கண்டு, "காலம் கெட்டுவிட்டது, பிள்ளைகள் நடு இராத்திரியில் ஊர் சுற்றுகின்றார்கள்" என்று புலம்புகின்ற பெரியவர்கள் சிலர் இருக்கின்றார்கள். நாம் அந்தக் கட்சியைச் சேர்ந்தவர்கள் அல்ல. பகலெல்லாம் உழைத்தவன் இரவில் தன் கைக்காசைக் கொண்டு சிநேகிதர்களோடு நாலு வாய் ருசியாய்ச் சாப்பிட்டு, சிரித்துப் பேசிக்கொண்டிருந்தால் அதில் யாருக்கு என்ன நஷ்டம்? கேளிக்கை மனிதனுக்கு வேண்டியதே. நம்முடைய கேள்வி வேறு.

அந்த இராக் கடைப் பெஞ்சில் உட்காருகின்றவர்களைச் சற்றுக் கவனித்துப் பாருங்கள். பக்கத்தில் இருப்பவன் எந்த ஜாதி என்று ஒருவனும் கேட்பதில்லை. மாவு பிசைந்தவன் யார், இலை போட்டவன் யார், தண்ணீர் மொண்டு வைத்தவன் யார் என்றும் கேட்பதில்லை. ஒருவன் இலையிலிருந்து மற்றொருவன் ஒரு துண்டு கறியை எடுத்துத் தின்கிறான். ஒரே குவளை நாலு வாய்க்குப் போகின்றது. சாஸ்திரமும், தீட்டும், மடியும் அந்த நேரத்தில் எங்கே போய்விடுகின்றன? அவைகளும் தூங்கப் போய்விடுகின்றனவா?

இந்த நிலை தானாக வந்துவிட்டது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. ஒரு காலத்தில் ரயில்வே ஸ்டேஷன் சாப்பாட்டு விடுதிகளில்கூடப் பார்ப்பனருக்கு ஒரு இடமும் மற்றவர்களுக்கு வேறு இடமும் ஒதுக்கப்பட்டிருந்தன. ஒரே வண்டியில் இடித்துக்கொண்டு வந்தவர்கள் சோற்றுக்கு மட்டும் பிரிந்து போனார்கள். கிளர்ச்சி செய்த பிறகுதான் 1941 இல் அந்தப் பிரிவினை ஒழிந்தது. 1950 இல் அமுலுக்கு வந்த அரசியல் சட்டம், கடைகளிலும் ஓட்டல்களிலும் ஜாதியைக் காட்டி ஒருவனைத் தடுக்கக் கூடாது என்று 15 ஆவது பிரிவில் எழுதி வைத்தது. அதற்கு ஏழு வருஷத்திற்குப் பிறகும், 1957 இல், சென்னைத் திருவல்லிக்கேணியில் ஒரு ஓட்டல் பலகையிலிருந்து "பிராமணாள்" என்ற எழுத்தை நீக்குவதற்குத் தோழர்கள் நாள்தோறும் மறியல் செய்து, நூற்றுக்கணக்காகக் கைதாக வேண்டியிருந்தது. இவ்வளவும் நடந்த பிறகுதான், இன்றைய வாலிபன் பக்கத்தில் இருப்பவனை ஒன்றும் கேட்காமல் பரோட்டாவைப் பிய்த்துத் தின்கிறான்.

நிற்க, இரவு ஒன்றாய்த் தின்ற இந்த நாலு சிநேகிதர்களும் பொழுது விடிந்து ஊருக்குப் போனதும் என்ன செய்கின்றார்கள் என்பதுதான் நாம் கேட்க வந்தது. அவர்களில் மூவர் வீட்டிற்கு நாலாமவன் போனால் திண்ணையோடு சரி. தண்ணீர் கேட்டால் தனிக் குவளை வருகின்றது. கலியாணத்திற்கு அழைத்தால் கடைசிப் பந்தி. இல்லாவிட்டால், "உனக்குத் தனியாய் டவுனில் பார்ட்டி வைக்கிறேன்" என்று ஒரு சமாதானம். டவுனில் இருட்டில் செய்தால் சிநேகிதம், ஊரில் வெளிச்சத்தில் செய்தால் குற்றமா? களவாடுகின்றவனல்லவா இருட்டைத் தேடிப் போவான்? சமத்துவத்திற்கு ஏன் இருட்டு?

கேட்டால், "எனக்கு வித்தியாசம் இல்லை, பாட்டி மனம் நோகும்" என்கின்றார்கள். நடு இராத்திரியில் கொத்துப் பரோட்டா தின்றபோது பாட்டியின் உத்தரவு கேட்டீர்களா? பாட்டிக்குத் தெரியாமல் ஆயிரம் காரியம் செய்கின்ற வீரருக்கு, சிநேகிதனை உள்ளே கூப்பிட்டுச் சோறு போடும்போது மாத்திரம் பாட்டியிடம் பக்தி பொங்குவானேன்? அதே வீட்டில் கைபேசியைத் தட்டிப் பிரியாணி வரவழைக்கின்றார்கள். அதைச் சமைத்தவன் யார், கட்டியவன் யார், சுமந்து வந்தவன் யார்? அது கூடம் தாண்டி அடுக்களைக்கே போகின்றது. பாட்டியும் ஒரு பிடி சாப்பிடுகின்றாள். பொட்டலத்திற்குத் தீட்டு இல்லை, அதைக் கொண்டுவந்த மனிதனுக்கு மட்டும் உண்டு என்றால் இது என்ன நியாயம்?

இனிச் செய்பாகத்தைப் பார்ப்போம். சிநேகிதர்கள் கூடினால், "இது எப்படிச் செய்தது?" என்று கேட்பதும் சொல்வதும் வழக்கம். அது நல்ல வழக்கமே. ஆனால் அங்கேயும் ஜாதி வந்து உட்கார்ந்துகொள்ளுகின்றது. "இது எங்கள் ஜாதிக் கைப்பக்குவம், வேறு யாருக்கும் வராது" என்று பெருமை பேசுகின்றார்கள். குழம்பில் போடும் மிளகாயும், தக்காளியும், மசாலாவுக்கு உருளைக்கிழங்கும் அமெரிக்காக் கண்டத்தில் பிறந்தவை. 1492 இல் கொலம்பஸ் அங்கே போய் இறங்கிய பிறகே கடல் தாண்டி மற்ற நாடுகளுக்கு வந்தவை. கிராம்பு மொலுக்காத் தீவுகளின் சரக்கு. மடி ஆசாரத்தோடு வைக்கின்ற சாம்பாருக்கு வாசனை கொடுக்கும் பெருங்காயமோ ஆப்கானிஸ்தானத்திலும் ஈரானிலும் செடியின் வேரைக் கீறி எடுத்த பால். அதைக் கீறிய கை எந்தக் கோத்திரம் என்று எந்த வைதீகராவது விசாரித்தது உண்டா?

ரகசியம் ஒன்றும் இல்லை என்பதற்காகச் சால்னாவின் முறையை இங்கேயே சொல்லிவிடுகின்றோம். பத்துப் பேருக்கு அரைக் கிலோ எலும்புக் கறியை மஞ்சளும் உப்பும் சேர்த்து 2 லிட்டர் தண்ணீரில் நன்றாய் வேகவைக்க வேண்டியது. எண்ணெயில் பட்டை, கிராம்பு, சோம்பு தாளித்து, கால் கிலோ வெங்காயத்தைச் சிவக்க வதக்கி, இஞ்சி பூண்டு விழுதும் கால் கிலோ தக்காளியும் சேர்த்துக் கரையவிட்டு, மிளகாய்த் தூளும் அதற்கு இரண்டு பங்கு மல்லித் தூளும் போட்டுப் பச்சை வாசனை போகப் பிரட்டி, வெந்த கறியைத் தண்ணீரோடு ஊற்ற வேண்டியது. அரை மூடித் தேங்காயைக் கொஞ்சம் சோம்பு, கசகசா, பொட்டுக்கடலையோடு அரைத்து விட்டு, எண்ணெய் மேலே மிதக்கும் வரை கொதிக்கவிட்டால் முடிந்தது. குழம்பைப்போல் கெட்டியாய் இருக்கக்கூடாது. பரோட்டா ஊறும்படி தண்ணென்று இருக்க வேண்டும். கறி வேண்டாதவர்கள் கறியை விட்டுவிட்டு வைக்கலாம். எந்த ஜாதியான் கிண்டினாலும் இந்தச் சால்னா இப்படியேதான் வரும். சந்தேகம் உள்ளவர்கள் கிண்டிப் பார்க்கலாம்.

மற்றொரு மூடத்தனம். இரவில் கறிச் சோறு எடுத்துப் போனால் பேய் பின்தொடரும்; ஆகையால் பொட்டலத்தில் ஒரு கரித்துண்டோ இரும்பாணியோ வைக்க வேண்டும் என்பார்கள். இன்று சென்னையில் நடு இராத்திரியில் எத்தனையோ வாலிபர்கள் மோட்டார் சைக்கிளில் பிரியாணி சுமந்து வீடு வீடாய்ப் போகின்றார்கள். அவர்கள் பையில் கரியும் இல்லை, ஆணியும் இல்லை. அவர்களைப் பின்தொடருகின்றதெல்லாம் தெரு நாயும், நேரமாகிவிட்டதென்ற நெருக்கடியும், போதாத கூலியும்தான். அந்தப் பேய்களை ஓட்ட எந்த மந்திரவாதியும் வரக்காணோம்.

கடைசியாக ஒன்று. இந்த இரவு உல்லாசம் முழுவதும் ஆண் பிள்ளைகளின் சொத்தாகவே இருந்து வருகின்றது. செய்பாகம் தெரிந்தவள் வீட்டில் அடுப்பைக் கழுவுகின்றாள். தின்னத் தெரிந்தவன் தெருவில் காற்று வாங்குகின்றான். 2019 இல் தமிழ்நாட்டு அரசாங்கம், 10 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் கடைகளும் நிறுவனங்களும் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று உத்தரவு போட்டது. 2022 இல் அதை நீட்டிக்கவும் செய்தது. அந்த உத்தரவிலேயே, பெண்களைச் சாதாரணமாய் இரவு 8 மணிக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, எழுத்து மூலம் சம்மதித்தால் தக்க பாதுகாப்போடு வாங்கலாம் என்றும் கண்டிருக்கின்றது. கடை திறந்துவிட்டது, தெரு இன்னும் அவளுக்குத் திறக்கவில்லை என்பதே இதன் பொருள். பெண்ணுக்கு இரவில் தெருவில் பயம் இருக்கின்றதென்றால், அடைத்து வைக்க வேண்டியது பயப்படுகின்றவளையா, பயமுறுத்துகின்றவனையா?

ஆகவே தோழர்களே! இரவில் கூடுங்கள், உண்ணுங்கள், களியுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் அடுத்த விருந்தைப் பட்டப்பகலில், உங்கள் சொந்தக் கிராமத்தில், உங்கள் வீட்டு நடுக்கூடத்தில் வையுங்கள். ஒவ்வொரு சிநேகிதனும் தன் வீட்டுப் பதார்த்தம் ஒன்றைக் கொண்டுவந்து, அதன் முறையையும் எல்லோருக்கும் சொல்லட்டும். ஆண்கள் பரிமாறட்டும், பெண்கள் முதல் பந்தியில் உட்காரட்டும். தெருக் கதவைத் திறந்தே வைத்திருங்கள், ஊரார் பார்க்கட்டும். பத்து மேடைப் பிரசங்கம் செய்யாத வேலையை அந்த ஒரு பந்தி செய்யும். அதற்குத் துணிவில்லாதவர்கள், இராத்திரிப் பெஞ்சில் ஒட்டி உட்கார்ந்து தின்றுவிட்டு, "எனக்கு ஜாதி இல்லை" என்று ஏப்பம் விடாமலாவது இருக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்ளுகின்றோம்.